எந்தெந்த கீ போயிற்று? முதலில் அதை எழுதி வையுங்கள்

கணினிப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

"கீபோர்டில் சில கீ வேலை செய்யவில்லை, என்ன செய்யலாம்?" என்று ஒரே வரியில் கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. எந்தெந்த கீ, எப்போதிலிருந்து, லேப்டாப்பா தனிக் கீபோர்டா என்ற மூன்றும் தெரிந்தால் பாதிப் பழுது அங்கேயே பிடிபட்டுவிடும். நோட்பேடைத் திறந்து, இடது மேல் மூலையில் தொடங்கி ஒவ்வொரு கீயாக அழுத்திப் பாருங்கள். வராதவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதற்கு முன் அந்தத் தாள் வேண்டும். அப்படி விவரமாக எழுதியவர்களின் கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: கடையில் பில் போடும் கணினியின் யு.எஸ்.பி. கீபோர்டில் 1, கியூ, ஏ, இசட் நான்கும் ஒரே நாளில் நின்றுவிட்டன. மற்றவை நன்றாக இருக்கின்றன. வேறு கணினியில் செருகினாலும் இதே கதைதான். நான்கு கீ ஒன்றாக எப்படிக் கெடும்?
– மளிகைக் கடைக்காரர், விருத்தாசலம்

பதில்: நான்கு கீயும் கெடவில்லை. நான்குக்கும் பொதுவாக ஓடும் ஒரு மின்சாரத் தடம்தான் கெட்டிருக்கிறது. வேறு கணினியில் செருகிப் பார்த்தது நல்ல காரியம். மென்பொருள் கோளாறு இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

முழு கீபோர்டில் 104 கீ இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித் தடம் போட்டால் நூற்றுக்கு மேல் தேவைப்படும். அதனால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போல அமைப்பார்கள். குறுக்கே 8, நெடுக்கே 18 என்று வைத்தால் 26 தடங்களில் 144 சந்திப்புகள் கிடைத்துவிடும். ஒரு கீயை அழுத்தினால் ஒரு குறுக்குத் தடமும் ஒரு நெடுக்குத் தடமும் தொட்டுக்கொள்ளும். எந்த இரண்டு என்பதை வைத்து எந்த எழுத்து என்று உள்ளே இருக்கும் சிப் கண்டுபிடிக்கும். ஒரு தடம் அறுந்தால் அதில் தொங்கும் கீ எல்லாம் ஒன்றாகப் போகும். உங்கள் கீபோர்டில் மேலிருந்து கீழாக அடுத்தடுத்த கீகள் ஒரே தடத்தில் இருந்திருக்கின்றன. சில மாடல்களில் இவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியும் இருக்கும். ஒரே ஒரு கீ மட்டும் போனால் அதன் அடியில் அழுக்கு, அல்லது ரப்பர் குமிழ் கிழிந்திருக்கும். நான்கைந்து ஒன்றாகப் போனால் தடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

திறந்து பார்க்கலாம். கணினியிலிருந்து கழற்றிவிட்டு, கீ எல்லாம் கீழே பார்க்கும்படி துண்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். பின்பக்க ஸ்க்ரூ எல்லாவற்றையும் எடுத்த பிறகும் மூடி வரவில்லை என்றால் நெம்பாதீர்கள். லேபிளுக்கு அடியிலோ ரப்பர் காலுக்கு அடியிலோ ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். லேபிளை விரலால் தடவினால் குழி தெரியும். கவிழ்த்து வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சில கீபோர்டில் ரப்பர் குமிழ்கள் ஒரே விரிப்பாக இல்லாமல் தனித்தனியாக இருக்கும். நிமிர்த்தித் திறந்தால் நூறு குமிழும் தரையில் உருளும்.

உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் வெள்ளி மையில் அச்சிட்ட கோடுகள். நடுத் தாளில் ஓட்டைகள் மட்டும். அழுத்தும்போது அந்த ஓட்டை வழியாக மேலும் கீழும் தொடும். இந்தத் தாளின் ஒரு முனை சிறிய சர்க்யூட் போர்டின் மேல் படிந்து, ஒரு உலோகப் பட்டையாலும் இரண்டு மூன்று ஸ்க்ரூக்களாலும் அழுத்தப்பட்டிருக்கும். தடம் போன கீபோர்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஸ்க்ரூ தளர்ந்தாலோ, அங்கே கறுத்துப் போனாலோ ஒரு தடம் முழுக்கத் தொடர்பை இழக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, தாளின் முனையையும் போர்டின் கறுப்புப் பட்டைகளையும் மெதுவாகத் துடையுங்கள். மொபைல் சர்வீஸ் செய்பவர்கள் ஐ.பி.ஏ. என்பது இந்த ஆல்கஹாலைத்தான். பலமாகத் தேய்த்தால் கார்பன் பூச்சே போய்விடும். காய்ந்ததும் ஸ்க்ரூவை இறுக்கி, மூடுவதற்கு முன்பே கணினியில் செருகி, குமிழ் இருக்கும் இடத்தில் தாளை விரலால் அழுத்திப் பாருங்கள். எழுத்து வந்தால் வேலை முடிந்தது.

வரவில்லை என்றால் கோட்டின் வழியே கண்ணை ஓட்டுங்கள். தண்ணீர் பட்ட இடத்தில் வெள்ளிக் கோடு பச்சையாகவோ கறுப்பாகவோ அரித்திருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் பீப் மோடில் வைக்காமல் ஓம்ஸில் வையுங்கள். அச்சிட்ட கோட்டுக்குச் செம்புக் கம்பியைவிடத் தடை அதிகம் என்பதால் நல்ல கோட்டுக்கும் சில நேரம் பீப் வராது. இரு முனையிலும் ஊசியை வைக்கும்போது ஏதாவது ஓர் அளவு காட்டினால் கோடு உயிரோடு இருக்கிறது. எண்ணே வராவிட்டால் அறுந்திருக்கிறது. இதில் சால்டரிங் வைக்கவே கூடாது, தாள் உருகிவிடும். மின்சாரம் கடத்தும் வெள்ளி மை சிறு குப்பியிலும் பேனாவிலும் கிடைக்கிறது. அறுந்த இடத்தின் இருபுறமும் 2 மில்லிமீட்டர் ஏறும்படி மெல்லிய கோடாகத் தீட்டி, ஒரு இரவு காயவிடுங்கள். பக்கத்துக் கோட்டைத் தொட்டுவிட்டால் ஒரு கீயை அழுத்தும்போது இரண்டு எழுத்து வரும்.

புதிய சாதாரண கீபோர்டே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது இவ்வளவு தேவையா? முனையைத் துடைப்பது இருபது நிமிட வேலை, அதைக் கட்டாயம் செய்யலாம். மை தீட்டும் வேலையைக் கைக்குப் பழகிய நல்ல கீபோர்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் லேப்டாப்பில் ஜே, கே, எல் அடித்தால் 1, 2, 3 என்று வருகிறது. வைரஸா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: வைரஸ் இல்லை, 'நம் லாக்' (Num Lock) என்ற எண் பூட்டு விழுந்திருக்கிறது. எண்களுக்குத் தனிப் பகுதி இல்லாத சிறிய லேப்டாப் சிலவற்றில் யு, ஐ, ஓ ஆகியவை 4, 5, 6 ஆகவும், ஜே, கே, எல் ஆகியவை 1, 2, 3 ஆகவும், எம் 0 ஆகவும் மாறும். கீயின் ஓரத்தில் சிறிய எண் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். எஃப்என் கீயை அழுத்திக்கொண்டே நம் லாக் எழுதியிருக்கும் கீயைத் தட்டினால் சரியாகும். அந்த கீயைக் காணவில்லை என்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தித் திரைக் கீபோர்டை வரவழையுங்கள். 'ஓ'வும் எண்ணாக மாறியிருப்பதால் அது வராமல் போனால் மவுஸால் ஸ்டார்ட், செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்று போங்கள்.

கேள்வி: நேற்று மாலை அரை டம்ளர் பால் டீ லேப்டாப் மேல் கொட்டிவிட்டது. துடைத்து, கவிழ்த்து, ஃபேனுக்கு அடியில் வைத்தோம். இன்று காலை ஆன் ஆகிறது. ஆனால் நடு வரிசையில் சில கீ ஒட்டிக்கொண்டு மேலே எழும்புவதில்லை. ஸ்பேஸ் தானாகவே ஓடுகிறது. அரிசியில் போட்டு வைக்கலாமா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: இதைப் படித்ததும் லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். ஷட் டவுன் கொடுக்க முடியாவிட்டால் பவர் பட்டனைப் பத்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். சார்ஜரைச் செருகவே வேண்டாம். அரிசி வேண்டாம். அது உள்ளே தேங்கியதை வெளியே இழுக்காது. தவிடும் தூசியும் சேர்ந்து வேறு தொல்லை தரும். ஹேர் டிரையரும் வேண்டாம். சூட்டில் கீயின் பிளாஸ்டிக் வளையும், ஈரம் இன்னும் உள்ளே தள்ளப்படும்.

வெறும் தண்ணீர் என்றால் கவிழ்த்து வைத்து 48 மணி நேரம் காயவிட்டாலே பல சமயம் தப்பிவிடும். டீ அப்படி இல்லை. தண்ணீர் காய்ந்த பிறகும் சர்க்கரையும் பாலும் பசையாகத் தங்கி, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கீ எழும்பாததற்குக் காரணம் அந்தப் பசை. ஸ்பேஸ் தானாக ஓடுவது, தாள்களுக்கு நடுவே புகுந்த ஈரம் இரண்டு தடங்களை ஒட்டவைத்துவிட்டதால். இதைவிடக் கவலையான விஷயம் வேறு: அணைத்து வைத்த லேப்டாப்பிலும் பேட்டரி மதர்போர்டோடு இணைந்தே இருக்கிறது. மின்சாரம் உள்ள இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் உலோகம் அரிக்கத் தொடங்கும். இரண்டு நாள் காயட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் அரிப்பு நடந்துகொண்டே இருக்கும்.

ஆகவே இன்றே சர்வீஸுக்குக் கொண்டுபோய் மூன்று வேலைகளைக் கேளுங்கள். பின் மூடியைக் கழற்றி, முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைப் பிடுங்க வேண்டும். கீபோர்டின் ரிப்பன் கேபிளைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் டீ இறங்கியிருக்கிறதா என்று இருபுறமும் பார்க்க வேண்டும். இறங்கிய இடத்தை 99 சதவீத ஐ.பி.ஏ.யும் மெல்லிய பிரஷ்ஷும் கொண்டு கழுவ வேண்டும். ஹேண்ட் சானிடைசரும் ஆல்கஹால்தானே என்று அதை ஊற்றிவிடக் கூடாது. அதில் கிளிசரின் கலந்திருக்கும். அதுவே இன்னொரு பசை.

கீபோர்டைப் பொறுத்தவரை, பெரும்பாலான லேப்டாப்பில் அந்தத் தாள்களை ஒட்டியே மூடியிருப்பார்கள். பிரித்துக் கழுவ முடியாது. பால் டீ புகுந்துவிட்டால் மாற்றுவதே முறை. அதுவரை உள் கீபோர்டின் ரிப்பனை மாட்டாமல், வெளியே ஒரு யு.எஸ்.பி. கீபோர்டைச் செருகி வேலை பார்க்கலாம். ரிப்பனை மாட்டியே வைத்தால் ஸ்பேஸ் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

டீ மறுபடி கொட்டினால், உலர்ந்த துணியைத் தேடுவதற்கு முன் பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை உருவுங்கள். திரையை அகலத் திறந்து, கூரை போல மேசையில் கவிழ்த்து நிறுத்துங்கள். குலுக்கவோ பக்கவாட்டில் சாய்க்கவோ கூடாது. கீபோர்டோடு நின்றிருக்கும் டீ மதர்போர்டைத் தேடிப் போய்விடும்.

கேள்வி: அலுவலகக் கணினியில் எந்த கீயைத் தட்டினாலும் எழுத்து விழுவதில்லை. ஒரு நொடி அழுத்திப் பிடித்தால்தான் விழுகிறது. புது கீபோர்டு மாற்றியும் அப்படியே இருக்கிறது.
– எழுத்தர், நாகர்கோவில்

பதில்: கீபோர்டு மாற்றியும் போகாத கோளாறு கீபோர்டில் இல்லை. விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்று ஒன்று உண்டு. கை நடுங்குபவர்கள் தவறுதலாகத் தட்டுவது பதிவாகாமல் இருக்க வைத்த வசதி அது. வலது ஷிஃப்டை 8 நொடி அழுத்திப் பிடித்தால் அது வந்துவிடும். பைலைப் படித்துக்கொண்டே விரலை ஷிஃப்ட் மேல் வைத்திருந்தால் போதும். திரையில் கேட்கும் கேள்விக்குப் பார்க்காமலே 'எஸ்' கொடுத்திருப்பீர்கள்.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, கீபோர்டு. விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ், ஈஸ் ஆஃப் அக்சஸ், கீபோர்டு. அங்கே ஃபில்டர் கீஸை அணைத்து, அதற்குள்ளேயே இருக்கும் குறுக்குவழியையும் அணைத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் அடுத்த வாரம் மறுபடி வரும். பக்கத்திலேயே ஸ்டிக்கி கீஸ் இருக்கும். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் வருவது அது. அதன் குறுக்குவழியையும் எடுத்துவிடலாம். ஆனால் அந்தக் கணினியை வேறு யாராவது இந்த வசதிக்காகவே பயன்படுத்துகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: மெக்கானிக்கல் கீபோர்டில் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறேன். சில நாளாக 'மகள்' என்று அடித்தால் 'மக்கள்' என்று விழுகிறது. எப்போதும் இல்லை, பத்துக்கு ஒரு முறை. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போட்டும் பார்த்துவிட்டேன்.
– டி.டி.பி. ஆபரேட்டர், சிவகாசி

பதில்: ஆங்கிலத்துக்கு மாறி எச் கீயை ஐம்பது முறை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எங்காவது 'எச்எச்' என்று இரட்டையாக விழுந்தால் பழுது மென்பொருளில் இல்லை, அந்த ஒரு ஸ்விட்சில்தான். தமிழ்99இல் க இருப்பது எச்சில். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி வைப்பது தமிழ்99இன் விதி. ம, ம, ஆ என்று அடித்தால் 'ம்மா' வருவது அதனால்தான். உங்கள் ஸ்விட்ச் ஒரு தட்டலை இரண்டாக அனுப்புகிறது. தமிழ்99 அதை நியாயமாகவே 'க்க' ஆக்குகிறது. ஆங்கிலத்தில் இப்படி இரட்டித்தால் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போட்டுவிடும். தமிழில் மகள் மக்களாகவும், படம் பட்டமாகவும், படு பட்டாகவும் மாறி எல்லாமே நல்ல சொற்களாக நிற்கும். புரூஃப் பார்ப்பவர் கண்ணுக்கும் தப்பும். ஆகவே பழுது சரியாகும் வரை அந்த கீபோர்டில் அச்சு வேலை செய்ய வேண்டாம் என்றே சொல்வோம்.

ஸ்விட்சுக்குள் இரண்டு உலோகத் தகடுகள் தொடும்போது நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் துள்ளும். எல்லா ஸ்விட்சிலும் இது உண்டு. கீபோர்டின் சிப் சுமார் 5 மில்லி விநாடி பொறுத்திருந்து அதை ஒரே தட்டலாக எடுத்துக்கொள்ளும். தகட்டில் தூசியோ களிம்போ படிந்தால் துள்ளல் அதைவிட நீளும், சிப் இரண்டு தட்டல் என்று எண்ணும்.

கீ மூடியைப் புல்லரால் (கழற்றுவதற்கான சிறு இடுக்கி) நேராக மேலே இழுங்கள். தண்டை அழுத்திப் பிடித்து, பக்கத்து இடைவெளியில் இரண்டு மூன்று சொட்டு ஐ.பி.ஏ. விட்டு, நூறு முறை வேகமாக அழுத்தி விடுங்கள். ஒரு மணி நேரம் காய்ந்த பிறகு செருகிப் பாருங்கள். பலருக்கு இதிலேயே தீரும், ஆனால் சில மாதத்தில் திரும்பக்கூடும். டபிள்யூ.டி.-40 போன்ற எண்ணெய் அடிக்காதீர்கள், அது தூசியை இன்னும் பிடித்து வைக்கும்.

நிரந்தரத் தீர்வு ஸ்விட்சை மாற்றுவது. உங்கள் கீபோர்டு ஹாட் ஸ்வாப் வகை, அதாவது ஸ்விட்சைச் செருகிக் கழற்றும் வகை என்றால் சால்டரிங் தேவையில்லை. புல்லரின் இரண்டு பற்களையும் ஸ்விட்சின் மேல், கீழ் விளிம்புகளில் பிடித்து அழுத்தி நேராக இழுத்தால் கழன்று வரும். புதிது கையில் இல்லையா? யாரும் தொடாத பாஸ் (Pause) கீயின் ஸ்விட்சை எடுத்து எச்சுக்குப் போடுங்கள், கெட்டதை அங்கே வையுங்கள். செருகும்போது இரண்டு செம்புக் கால்களும் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கால் மடங்கிப் படுத்துக்கொண்டால் ஸ்விட்ச் உட்கார்ந்தது போலவே தெரியும், எழுத்து மட்டும் வராது. ஐந்து கால் ஸ்விட்சை மூன்று ஓட்டைப் போர்டில் போட வேண்டுமானால் ஓரத்தில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் முளைகளை நகவெட்டியால் நறுக்கிவிடலாம். ஹாட் ஸ்வாப் இல்லாத போர்டில் ஸ்விட்சுக்கு இரண்டு சால்டர் புள்ளிகள். ஈயத்தை உறிஞ்சும் பம்ப் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

விண்டோஸின் ஃபில்டர் கீஸிலேயே இரட்டைத் தட்டலைத் தடுக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். அது காத்திருக்கும் நேரம் குறைந்தபட்சம் அரை நொடி. நீங்கள் வேண்டுமென்றே அடிக்கும் 'க்க'வையும் சேர்த்து விழுங்கிவிடும்.

கேள்வி: தமிழ்99இல் ச, ஞ இரண்டும் வரவில்லை. வேறொரு கணினியில், ஆங்கிலத்தில் மேற்கோள் குறியை அடித்தால் உடனே வருவதில்லை. அடுத்த எழுத்தை அடித்த பிறகு ஒட்டிக்கொண்டு வருகிறது.
– இ-சேவை மைய ஊழியர், திண்டுக்கல்

பதில்: இரண்டும் வேறு வேறு. ச, ஞ இருப்பது 'பி'க்கு வலப்பக்கம் உள்ள சதுர அடைப்புக்குறி கீகளில். ஆங்கிலத்துக்கு மாறி அவற்றை அழுத்துங்கள். அடைப்புக்குறி வந்தால் கீ நலமாக இருக்கிறது, தமிழ் அமைப்புதான் மாறியிருக்கிறது. தமிழில் எச் அழுத்தினால் க வர வேண்டும். ஹ் வந்தால் ஒலிபெயர்ப்பு முறைக்குப் போயிருக்கிறது. விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் அழுத்தித் தமிழ்99ஐத் தேர்ந்தெடுங்கள்.

ஆங்கிலத்திலும் வரவில்லை என்றால் கீயே போய்விட்டது. மாற்றும் வரை சமாளிக்க ஷார்ப்கீஸ் என்ற இலவசச் சிறு மென்பொருள் போதும். 1க்கு இடப்பக்கம் உள்ள கீயை இடது பட்டியலிலும், சதுர அடைப்புக்குறியை வலது பட்டியலிலும் தேர்ந்து, ரெஜிஸ்ட்ரியில் எழுதச் சொல்லி, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இனி அந்த கீயில் ச வரும். என்டருக்கு மேலே உள்ள பின்சாய்வுக் கோட்டு கீயை ஞவுக்குக் கொடுக்கலாம். மாற்றம் கீயின் எண்ணிலேயே நடப்பதால் எந்தத் தமிழ் மென்பொருள் போட்டிருந்தாலும் ஒத்துப்போகும். மென்பொருளை நீக்கினாலும் மாற்றம் அப்படியே இருக்கும் என்பதால், புது கீபோர்டு வந்ததும் அதே இடத்தில் அழித்துவிட மறக்காதீர்கள்.

மேற்கோள் குறி விஷயம்: அந்தக் கணினியில் யுனைடெட் ஸ்டேட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு விழுந்திருக்கிறது. ஐரோப்பிய மொழிகளின் உச்சரிப்புக் குறிகளுக்காக அது மேற்கோளை அடக்கி வைத்து அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கும். செட்டிங்ஸில் மொழி பகுதிக்குப் போய் சாதாரண யு.எஸ். கீபோர்டைச் சேர்த்துவிட்டு இதை நீக்குங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம்: ஷிஃப்ட் 2 அடித்தால் மின்னஞ்சல் குறிக்குப் பதில் மேற்கோள் குறி வந்தால் அது இங்கிலாந்து அமைப்பு. விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி போட முடியாமல் வரிசை நிற்கும் இடத்தில் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கேள்வி: ஈ அடித்தால் ஃபைல் விண்டோ திறக்கிறது, எல் அடித்தால் திரை பூட்டிக்கொள்கிறது. எழுத்தே விழவில்லை.
– வாசகர், காரைக்குடி

பதில்: விண்டோஸ் கீ அழுந்தியபடி நிற்கிறது. இடம், வலம் இரண்டு பக்கத்து விண்டோஸ், கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் கீகளை ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகும். ஆகாவிட்டால் அந்த கீயின் அடியில் ஏதோ சிக்கியிருக்கிறது. கவிழ்த்துத் தட்டி, மெல்லிய பிரஷ்ஷால் ஓரத்தைச் சுத்தம் செய்யுங்கள். அழுத்தினால் எழுத்துக்குப் பதில் பிரின்ட் விண்டோவும் சேவ் விண்டோவும் வந்தால் மாட்டியிருப்பது கன்ட்ரோல். நல்ல கீயையெல்லாம் கெட்டதாகக் காட்டும் பழுது இது. முழு கீபோர்டும் போய்விட்டது என்று தூக்கிப்போடும் முன் இதைப் பாருங்கள்.

கேள்வி: வயர்லெஸ் கீபோர்டில் எழுத்துகள் விட்டு விட்டு விழுகின்றன. பேட்டரி புதிது. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் செருகியிருக்கும்போது அதிகம்.
– கணக்காளர், கோயம்புத்தூர்

பதில்: காரணத்தை நீங்களே பாதி சொல்லிவிட்டீர்கள். யு.எஸ்.பி. 3.0 போர்ட்டும் அதில் செருகிய டிஸ்க்கின் கேபிளும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலை உமிழ்கின்றன. கீபோர்டின் சிறிய ரிசீவரும் அதே அலைவரிசையில்தான் காது கொடுக்கிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது. ரிசீவரை நீல நிறப் போர்ட்டிலிருந்து எடுத்து, டிஸ்க்கிலிருந்து தள்ளி இருக்கும் கறுப்புப் போர்ட்டில் செருகுங்கள். சி.பி.யூ.வின் பின்பக்கத்தில் இருந்தால் ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, ரிசீவரை மேசை மேல் கீபோர்டுக்கு அருகே கொண்டுவாருங்கள்.

சற்று நேரம் தொடாமல் இருந்துவிட்டு அடிக்கும்போது மட்டும் முதல் சில எழுத்து விடுபட்டால் அது வேறு. கீபோர்டு தூக்கத்திலிருந்து எழுந்துகொள்கிறது. டிவைஸ் மேனேஜரில் யு.எஸ்.பி. ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: லேப்டாப்பின் நடுவில் கீகள் சற்று மேலே தூக்கியிருக்கின்றன, அழுத்தினால் இறங்குவதில்லை. டச்பேடும் கிளிக் ஆகவில்லை. கீபோர்டு மாற்ற எவ்வளவு ஆகும்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கீபோர்டை விடுங்கள், அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது. இப்போதே அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். கீகளை அமுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கீழே இருப்பது வாயு நிறைந்த லித்தியம் பை. குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். மெத்தை, துணி, வெயில் இல்லாத இடத்தில் வைத்து, சர்வீஸ் மையத்தில் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் அங்கேயே மின்கழிவுக்குக் கொடுத்துவிடுங்கள். பேட்டரி போனதும் பெரும்பாலும் கீபோர்டு தானாகச் சமமாகிவிடும். நாள் முழுக்கச் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப் என்றால், சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி அதில் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டில் உள்ள ஒரு எழுத்தின் கீ போய்விட்டது. உள்ளேயே போக முடியவில்லை.
– வாசகி, வேலூர்

பதில்: லாகின் திரையின் வலது கீழ் மூலையில் மனித உருவம் போன்ற சிறு படம் இருக்கும். அதில் திரைக் கீபோர்டைத் தேர்ந்து மவுஸால் அடியுங்கள். அல்லது எந்த யு.எஸ்.பி. கீபோர்டையும் செருகினால் போதும்.

கேள்வி: லேப்டாப் கீபோர்டை மாற்றத்தான் வேண்டும் என்கிறார்கள். கடையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்? சென்ற முறை மாற்றிய பிறகு நடுவில் அமுங்குகிறது.
– வாசகர், சென்னை

பதில்: லேப்டாப் மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே மாடலில் இரண்டு மூன்று வகை கீபோர்டு வந்திருக்கும். பழையதைக் கழற்றி அதன் முதுகில் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்கோ வேறு கடைக்கோ போங்கள். புதியதைப் பக்கத்தில் வைத்து நான்கு விஷயம் ஒப்பிடுங்கள்: ரிப்பனின் அகலமும் அது வெளியே வரும் இடமும், என்டர் கீ நீளப் பட்டையா தலைகீழ் எல் வடிவமா, பவர் பட்டன் கீபோர்டிலேயே இருக்கிறதா, பேக்லைட் இருந்தால் அதற்கான இரண்டாவது சிறு ரிப்பன் இருக்கிறதா.

நடுவில் அமுங்குவதற்குக் காரணம் ரிவெட். இப்போதைய பல லேப்டாப்பில் கீபோர்டு ஸ்க்ரூவில் நிற்பதில்லை. கை வைக்கும் மேல் தட்டோடு டஜன் கணக்கான பிளாஸ்டிக் முளைகளை உருக்கி ஒட்டியிருப்பார்கள். மாற்றுபவர் அவற்றை உடைத்தெடுத்து, புதியதை வைத்து மறுபடி உருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் உருக்கிவிட்டு நடுவில் விட்டால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். கட்டுப்படியாகுமானால் கீபோர்டோடு சேர்ந்தே வரும் மேல் தட்டைக் கேளுங்கள். கடைக்காரர்கள் அதை சி பேனல் என்பார்கள். விலை கூடும், ஆனால் கீ எல்லாம் புதிதில் இருந்த அதே உறுதியோடு நிற்கும்.

ரிப்பன் போகும் கனெக்டரில் மெல்லிய பூட்டு இருக்கும். சிலவற்றில் அதை நகத்தால் மேலே தூக்க வேண்டும், சிலவற்றில் இரு ஓரமும் முன்னால் இழுக்க வேண்டும். பூட்டைத் திறக்காமல் ரிப்பனைத் திணித்தால் அந்தச் சிறு பிளாஸ்டிக் உடையும். மதர்போர்டில் கனெக்டரையே மாற்றும் செலவு அப்போதுதான் வரும். ரிப்பன் ஒரு நூல் கோணலாக நுழைந்தாலும் ஒரு தடம் விடுபட்டு நான்கைந்து எழுத்து வராது. ஆகவே மூடியின் ஸ்க்ரூக்களை முடுக்கச் சொல்வதற்கு முன், அங்கேயே நின்று நோட்பேடில் எல்லா கீயையும் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிடுங்கள். இரண்டு பக்கத்து ஷிஃப்ட், கன்ட்ரோல், நான்கு அம்புக்குறி, எஃப்என் சேர்த்து.